ஒரே டிரம்மில் ஊற்றிய சனிக்கிழமை

சபையாரே, என்னை நீங்கள் கேலிக்காரன் என்றே அறிவீர்கள். இன்று என்னையே கேலி செய்யுங்கள். ஆனால் முழுதும் கேட்டுவிட்டு.

எழுபத்தொன்பது, ஆடி மாதம். ஆரணியில் ஒரே கொட்டகையில் இரண்டு தொழில். முன்பக்கம் நான் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவேன். பின்பக்கம் என் தங்கை புருஷன் தேவராஜ் பித்தளை நகைக்குத் தங்க முலாம் பூசுவான். சாயம் பிடிக்க எனக்கு ஆசிட். முலாமுக்கு அவனுக்கு சயனைடு. ஞாயிறு ஆராதனைக்காகச் சனிக்கிழமை காலையிலேயே கொட்டகையைக் கழுவிவிடுவோம். அன்று, இரண்டு நடை எதற்கு என்று, அவனுடைய மிச்சத் தண்ணீரையும் என் ஆசிட் தண்ணீரையும் ஒரே டிரம்மில் ஊற்றிவிட்டுத் துடைப்பம் எடுக்க வாசலுக்குப் போனேன். டிரம்மைத் தூக்கக் குனிந்த தேவராஜ் சுருண்டு விழுந்தான்.

"எழுந்திரு மாப்ள, வேலைக்கு டிமிக்கி குடுக்கறியா?" என்று சிரித்தேன். அவன் எழவில்லை. மூச்சு இழுத்தது. காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். ஆசிட்டும் சயனைடும் சேர்ந்து கிளம்பிய விஷப்புகையில் எனக்கும் தலை சுற்றியது. ஒற்றைச் செருப்போடு அவனைத் தெருக்கோடி டாக்டரிடம் கொண்டுபோனேன்.

"இன்னா ஆச்சு?"

"வெயில் மயக்கம்ங்க."

லைசென்ஸ் இல்லாத சயனைடு. போலீஸ் பயம்.

மூலையில் மண்டியிட்டேன். 'ஆண்டவரே, என் தங்கச்சிக்கு ரெண்டு குழந்தைங்க...' அதற்குமேல் வரவில்லை. டாக்டரிடம் பொய், தேவனிடம் மனு! 'என் நாக்கை அவிழ்த்துவிடும்' என்று மட்டும் கேட்டேன். அடுத்த நொடி கத்தினேன்.

"சயனைடுங்க! ஆசிட்ட கலந்தது நான்தாங்க!"

"அத மொதல்ல சொல்றதுக்கு இன்னாய்யா கேடு?"

இருதய நோயாளிகளுக்காக வைத்திருந்த, சயனைடு விஷத்தையும் முறிக்கும் மருந்துக் குப்பி ஒன்றை உடைத்து, கைக்குட்டையில் நனைத்து, அவன் மூக்கருகே பிடித்தார். வாடகைக் காரில் வேலூர் போகும் வழியெல்லாம் குப்பிகளை உடைத்துக்கொண்டே வந்தார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பில் மாற்று மருந்து ஊசிகள், முகமூடியில் ஆக்சிஜன்.

"இதுக்கும் தெளியலன்னா, காத்தழுத்தம் ஏத்தின அறையில வெச்சு ஆக்சிஜன் குடுக்கணும். அது இங்க இல்ல" என்றார் பெரிய டாக்டர். உடனே நானும் விழுந்தேன். எனக்கும் ஒரு கட்டில் போட்டார்கள்.

பொழுது சாயும்போது அடுத்த கட்டிலில் குரல் கேட்டது.

"மச்சான், நீ அழுதுகினே இருந்தா பேஜாரா கீது. தண்ணி குடு."

என் தங்கையிடமும் நானே உண்மையைச் சொன்னேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு சோறு போட்டாள். ஆசிட்டும் சயனைடும் அன்றிலிருந்து வேறு வேறு தெருவில்.

மருந்தை ஆண்டவர் முன்னமே டாக்டரின் அலமாரியில் வைத்திருந்தார். தாமதம் என் வாயில்தான். எதையாவது மறைத்துக்கொண்டு ஜெபிக்கிறீர்களா? உரியவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். மிச்சத்தை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.