கீழே வைக்காத பை

ஒரு மனிதர் சொல்லாத சம்மதத்தை அவர் சொன்னதாக நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஹைதராபாத் விமான நிலையத்தில், சேலம் விமானத்துக்கான கவுன்ட்டரில், பட்டப்பகலில், வாய் கூசாமல் சொன்னேன். விமானத்தில் மிச்சமிருந்த ஒற்றை இருக்கை அதனால் எனக்குக் கிடைத்தது. அவருக்கு என்ன போயிற்று என்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

அரசுக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீடு. மகள் ஹைதராபாத்தில் இருக்கிறாள். அந்தத் தடவை அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போது, அவள் சம்பளமெல்லாம் எங்கே போகிறது என்று மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டேன். அவர் என்னைக் கொண்டுபோய் விடுவதற்காக எடுத்த கார் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் வாடகைக் காரில் வந்தேன். என்ன ஆனாலும் அன்று அந்த வீட்டு வாசலுக்குத் திரும்பக் கூடாது. என் அவசரம் அவ்வளவுதான்.

வழக்கமாக மகள்தான் முந்தின நாளே செல்போனில் செக்‑இன் செய்து கொடுப்பாள். அன்று அவளிடம் கேட்க முகமில்லை. அதனால் வரிசையில் கடைசி ஆளாக நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர். நாற்பது வயதிருக்கும். கட்டம் போட்ட சட்டை, செருப்பில் காய்ந்த செம்மண்.

"ஏனுங்கய்யா, சேலம் வண்டிக்கு இதுதானுங்களே?" என்று திரும்பிக் கேட்டார்.

நம்மூர்ப் பேச்சு. எந்த ஊர் என்று விசாரித்தேன்.

"திருச்செங்கோட்டுப் பக்கமுங்க. இங்க ரிக்கு வண்டியில போர் போடறமுங்க."

"என்ன, திடீர்னு விமானத்துல?"

"ஊர்ல ஒரு சோலிங்க. மொதலாளி டிக்கெட்டுப் போட்டுக் குடுத்தாருங்க."

"என்ன சோலி?"

அவர் கவுன்ட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். இனி பேசுவதற்கில்லை என்பதுபோல் இருந்தது.

நான் எதையும் சந்தேகப்பட்டே பழகியவன். தேர்வு அறையில் மாணவர்களின் கையைப் பார்த்தே பிட்டு வைத்திருப்பவனைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று கல்லூரியில் எனக்குப் பெயர் இருந்தது. அதே கண்ணால் இவர் கையைப் பார்த்தேன். ஒரு துணிக்கடைப் பையைத் துண்டில் சுற்றி, வயிற்றோடு இரண்டு கையாலும் அணைத்திருந்தார். பக்கத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவர் பையை இறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து செல்போன் எடுக்க வேண்டியிருந்தபோதுகூட, பையை இடது முழங்கையில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் துழாவி எடுத்தார். கவுன்ட்டரில் இருந்த பெண் எடை பார்க்கும் பெல்ட்டைக் காட்டினாள். "வேண்டாமுங்க" என்றார். மறுபடியும் காட்டினாள். "இல்லீங்க, கையிலயே இருக்கட்டுமுங்க." மூன்றாம் முறை அவள் கையை நீட்டியபோது ஓரடி பின்னால் போனார்.

இவன் எதையோ கடத்துகிறான் என்று நான் முடிவு கட்டினேன். அன்று மனதுக்குள் அவரை அவன் இவன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு அந்தப் பெண் எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள். விமானத்தில் ஒரே ஒரு இருக்கைதான் இருக்கிறது. உங்களில் ஒருவர் தாமாக முன்வந்து விட்டுக்கொடுத்தால் நாளைய விமானத்தில் இடம், இன்று ஓட்டல் அறை, அடுத்த பயணத்துக்கு ஒரு வவுச்சர்.

ஓர் இருக்கையை இரண்டு பேருக்கு விற்றுவிட்டு என்ன சாமர்த்தியமாகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். அந்த விதிகள் எனக்குத் தெரியும். வரிசையில் நிற்கும்போதே செல்போனில் படித்திருந்தேன். அளவுக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டால், விட்டுக்கொடுப்பவர் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். யாரும் இல்லையென்றால்தான் ஒருவரை ஏற்றாமல் நிறுத்தலாம். அப்படி நிறுத்தப்பட்டவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் வேறு விமானம் தர வேண்டும், இல்லையென்றால் நஷ்டஈடு. தாமாக விட்டுக்கொடுத்தவருக்கு அந்த உரிமை கிடையாது. பேசி ஒப்புக்கொண்டது எதுவோ அதுதான். இவர்கள் என்னை ஏமாற்றிவிடக் கூடாது என்றுதான் இதையெல்லாம் படித்தேன்.

"என்னங்கய்யா சொல்லுது அந்தப் புள்ள?" என்றார் அவர். போர் போடும் இடத்துத் தெலுங்கு அவருக்கு வரும். அவளோ வடக்கத்திப் பெண்; ஆங்கிலமும் இந்தியும்தான்.

"இடம் இல்லையாம். உங்களை நாளைக்கு அனுப்பறாங்களாம்."

"நாளைக்குங்களா? இல்லீங்க, பொழுது எறங்கறக்குள்ள போகோணுமுங்க. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கய்யா."

நான் அவளிடம் திரும்பி, "இவர் விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிறார். நாளைக்குப் போனால் போதுமாம்" என்றேன்.

அவளுக்கும் சந்தேகம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து இந்தியில் ஏதோ கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். நான் ஆட்டியதால் அவரும் ஆட்டினார். அவள் தட்டச்சு செய்தாள். அவர் செல்போனில் செய்தி வந்து விழும் ஒலி கேட்டது.

"சொல்லிட்டீங்களாங்க?"

"சொன்னேன். கேட்க மாட்டேங்கறாங்க."

கும்பிட அவருக்குக் கை ஒழியவில்லை. தலையை மட்டும் சாய்த்து, "எனக்காகப் பேசுனீங்களே, அது போதுமுங்க" என்றார்.

விமானத்தில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. சந்தேகத்துக்குரிய ஓர் ஆளுடன் பயணம் செய்யாமல் தப்பித்தேன் என்றுகூட நினைத்தேன்.

நாமகிரிப்பேட்டையில் எனக்குக் கொஞ்சம் மஞ்சள் காடு இருக்கிறது. சில மாதங்கள் கழித்து அங்கே கிணறு வற்றி, போர் போட ஏற்பாடு செய்தேன். ஊர்ப்பக்கம் வேலைக்குத் திரும்பியிருந்த ரிக் லாரியிலிருந்து இறங்கியவர் அவர்தான். எனக்கு முன் அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அட, நம்ம ஐயா! ஏனுங்க, நல்லாருக்கீங்களா?" என்றவர், கூட வந்தவர்களிடம், "அன்னிக்கி ஏர்போர்ட்டுல எனக்காகச் சண்ட போட்டாரே, அந்த ஐயாடா இவரு" என்று காட்டினார்.

கல் பொடி பறந்துகொண்டிருந்தது. டீ வந்தபோது இயந்திரத்தை நிறுத்தினார்கள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, அன்று என்ன சோலி என்று கேட்டேன். இந்த முறை சொன்னார்.

மோகனூரில் கட்டிக்கொடுத்த அக்காவின் கணவர் அன்று காலையில் இறந்திருக்கிறார். பிறந்த வீடு என்று அக்காவுக்கு இருப்பது இந்தத் தம்பி ஒருவர்தான். எங்கள் பக்கத்தில் கணவனின் உடலை எடுக்கும் முன் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். கோடி என்பார்கள். வாங்கிய கை அதைக் கொண்டு சேர்க்கும்வரை கீழே வைக்காது. என்ன காரியமாகப் போகிறோம் என்று வழியில் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. என் அம்மாவுக்கு என் மாமா அப்படித்தான் கொண்டுவந்தார், நான் பார்த்திருக்கிறேன். நானும் அந்த ஜனத்தில் பிறந்தவன்தான். கண்ணெதிரே அணைத்துக்கொண்டு நின்றவரைக் கடத்தல்காரனாகப் பார்த்தேன்.

"பஸ்ஸப் புடிச்சு மறுநாள் போய்ச் சேந்தனுங்க. பொழுது போற வரைக்கும் வெச்சிருந்து பாத்துட்டு எடுத்துட்டாங்க. அக்காளோட கொழுந்தனாரே கடையில ஒரு சேலைய வாங்கியாந்து போட்டாராமுங்க. அக்காளப் பொறந்த ஊட்டு நாதியில்லாதவன்னு ஊரே பேசிருச்சுங்க."

"விமானத்துல ஏத்தலைன்னு சொல்லலையா?"

"சொன்னனுங்க. கொழுந்தனாரு எஞ் செல்போன வாங்கிப் பாத்தாருங்க. 'சீட்டத் தானா விட்டுக்குடுத்ததுக்கு நன்றி'ன்னு இங்கிலீசுல வந்திருக்குதாமா. வவுச்சரும் இருக்குதாமா. 'அக்கா தாலியறுத்துக் கெடக்கறா, நீ சீட்ட வித்துட்டு வந்தியாடா'ன்னு கேட்டாருங்க. அக்காளும் நம்பிருச்சுங்க. இனி இந்த வாசப்படி மிதிக்காதன்னு சொல்லிருச்சு."

டீ டம்ளரை வாளித் தண்ணீரில் அலசினார். பிறகு, "நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. நான் எங்கீங்க ஆமான்னேன்? அந்தப் புள்ளயே எழுதிக்கிட்டாளுங்களா?" என்று கேட்டார்.

"இருக்கும்" என்றேன்.

முதல் பொய்யை விட இதுதான் என்னை அரிக்கிறது. அப்போது எனக்கு எல்லாம் தெரியும். அவரே ஒரு பழியை எடுத்து அந்தப் பெண்ணின் மேல் வைக்கப் பார்த்தார். நான் ஒரு கை கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, எனக்குச் சுலபமாக வருவதைச் செய்தேன். விமான நிறுவனத்தின் புகார் அதிகாரிக்கு நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். அந்தப் பயணி தாமாக விலகவில்லை, உடன் இருந்த நான் தவறாக மொழிபெயர்த்தேன், அவரை விருப்பத்துக்கு மாறாக ஏற்றாமல் நிறுத்தியதாகப் பதிவைத் திருத்துங்கள் என்று கேட்டேன். மரியாதையான பதில் வந்தது. பயணி சம்மதித்ததாகவே பதிவு இருக்கிறது. சம்பந்தமில்லாத மூன்றாம் ஆளின் கடிதத்தை ஏற்க முடியாது. தாங்கள் இதில் என்ன நோக்கத்துடன் தலையிடுகிறீர்கள்? அந்தக் கேள்வியை நான் அவர்கள் இடத்தில் இருந்தால் முதல் வரியிலேயே கேட்டிருப்பேன்.

அவரிடமே போவதைத் தவிர வழியில்லை. பக்கத்து ஊரில் ரிக் நின்றது. லாரி நிழலில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை.

"பையப் பாத்து என்னங்க நெனச்சீங்க?"

"கடத்தல் சாமான்னு நெனச்சேன்."

ஒரு சிரிப்பு வந்தது அவருக்கு. அது பாதியில் நின்றது. அதற்குப் பிறகு அவர் என்னை ஐயா என்று கூப்பிடவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுதுங்க? எங்கக்காகிட்ட வந்து சொல்லுங்க."

மோகனூருக்குப் போனோம். அவர் வாசற்படி மிதிக்காமல் தெருவில் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டார். நான் மட்டும் முற்றத்தில் நின்று பேசினேன். கொழுந்தனார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டார்.

"முடிஞ்சுதுங்களா? பேச்சு நல்லாத்தான் இருக்குது. நாடகத்துக்கு எத்தன ரூவா பேசுனான் உங்க ஆளு?"

"நான் கல்லூரியில்..."

"வாத்தியாருன்னா நல்லா மனப்பாடம் பண்ணிருப்பீங்க. போருக்குக் காசக் கொறச்சுக்கறன்னு கூட்டியாந்தானா, இல்ல கூலிக்குத்தானுங்களா?"

என்னிடம் சாட்சி ஒன்றும் இல்லை. விமான நிறுவனத்தின் பதிலைக் காட்டினேன். "பாத்தீங்களா, இதுலயும் அவன் ஒத்துக்கிட்டான்னுதான் போட்டிருக்குது" என்றார். நியாயம்தான்.

அதுவரை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா வெளியே வந்தார். அன்று என் கண்ணில் இருந்ததைவிட அவர் முகத்தில் சந்தேகம் அதிகம் இருந்தது.

"அன்னிக்கி அவன் கையில என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"துணிக்கடைப் பை. துண்டுல சுத்தியிருந்தது."

"அத எப்புடிப் புடிச்சிருந்தான்?"

நான் காட்டினேன். என் கைப்பையைத் தோளில் கிடந்த துண்டில் சுற்றி வயிற்றோடு அணைத்துக் காட்டினேன். பக்கத்தில் காலி நாற்காலி இருந்தும் வைக்காததை, முழங்கையில் இடுக்கிக்கொண்டு செல்போன் எடுத்ததை, பெல்ட்டில் வைக்கச் சொல்லி அவள் கேட்கக் கேட்க மறுத்து ஓரடி பின்னால் போனதை, ஒன்று விடாமல். எதற்காகப் போகிறாய் என்று கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் சொன்னேன். சந்தேகப்பட்டுப் பார்த்தவன் என்பதால் எல்லாம் நினைவிருந்தது.

கொழுந்தனார், "அதையும் சொல்லிக் குடுத்திருப்பான்" என்றார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. "சீட்ட விக்கறவன் எதுக்குங்க சேலையக் கீழ வெக்காம நிக்கறான்?" என்றார். பிறகு தெருவைப் பார்த்து, "ஏஞ்சாமி தெருவுல நிக்கற? உள்ள வா" என்றார்.

தம்பி என்னைக் கடந்து உள்ளே போனார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தம்பியிடம் கொடுத்தார் அக்கா. எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வந்தவர் பகையாளியாக இருந்தாலும் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசுவார்கள். எனக்குக் கொடுக்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை என்று எழுத வேண்டும்; ஆனால் கொஞ்ச நேரம் நின்றேன்.

தம்பியின் கையெழுத்தோடு மறுபடியும் எழுதியபோது நிறுவனம் பதிவைத் திருத்தியது. அந்தத் தாளை அக்காவின் வீட்டுக்குத் தபாலில் அனுப்பினேன். தம்பி இப்போது அங்கே போய்வருவதாகக் கேள்வி. சேலத்திலிருந்து வேஷக்காரன் ஒருவனைக் கூட்டிவந்து அக்காவை மயக்கிவிட்டான் என்று கொழுந்தனார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மாப்பிள்ளையிடம் செல்போனில் மன்னிப்புக் கேட்டேன். எதற்காகக் கேட்கிறேனோ என்ற சந்தேகம் அவர் 'சரி' என்ற விதத்திலேயே தெரிந்தது.

என் காட்டுப் போரில் தண்ணீர் வந்திருந்தது. மோட்டார் இறக்க நானே வாரேனுங்க என்று முன்பு டீ குடிக்கும்போது தம்பி சொல்லியிருந்தார். வேறு ஆள் வந்தார்.