பைபர் போட்ட சுவர்

போன கிழமை நான் வேலை செய்கிற கந்தோரில் சுவர் திருத்த ஓர் ஆள் வந்திருந்தார். சுவர் என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். பெரிய அறையை இரண்டாக்குவதற்குப் போட்ட ஜிப்சம் பலகை அது. பலகையும் பலகையும் சேருகிற இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அடுத்த பக்கத்தில் யார் யாரைப் பற்றிக் கதைத்தாலும் அதற்குள்ளால் தெளிவாகக் கேட்கும் என்பதால் எங்களில் ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை. வந்தவர் வெடிப்பைச் சுரண்டினார், வெள்ளை வலை நாடா ஒன்றை ஒட்டினார், மேலே பட்டி இழுத்தார்.

"தம்பி, இது என்ன வலை?" என்று கேட்டேன்.

"பைபர் அக்கா. இனி வெடிக்காது."

குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி மூக்குக்குள் ஏறும் அளவுக்குச் சிரித்துவிட்டேன். பாவம், தன் வேலையில் ஏதோ பிழை என்று நினைத்து அவர் திரும்பத் திரும்பச் சுவரைப் பார்த்தார். அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். எனக்குக் கல்யாணம் நடந்ததே சுவரில் போட்ட பைபரால்தான்.

நாங்கள் தமிழ்நாட்டு முகாமில் கனகாலம் இருந்துவிட்டு மன்னார்த் தீவுக்குத் திரும்பிய குடும்பம். முகாமில் எங்கள் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் சாக்குத் துணிதான். அதனால் அப்பா ஊரில் கல்வீடு கட்டி முடித்தபோது, கொஞ்ச நாள் நாங்கள் சுவரைச் சும்மா தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரிந்தோம். இரண்டாம் வருடமே அது வெடித்தது. முன்ஹோல் ஜன்னலின் மூலையில் தொடங்கி, சாய்வாகக் கூரையை நோக்கி ஓடியது. கடற்கரை மணலில் பூசினால் இப்படித்தான் ஆகும் என்றார் ஒரு மேசன். அந்த மணலை அள்ளி வந்தது யார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அப்பாவுக்கு வெளியில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

அந்த வீடு எனக்குச் சீதனமாகத் தரவிருந்த வீடு. எனக்கு வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. பேசிய சம்பந்தங்கள் இரண்டு குழம்பிப் போயிருந்தன. முதலில் வந்தவர்கள் என் நிறத்தைப் பார்த்தார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை, நேரே வெடிப்பைப் பார்த்து "வீடு தாங்குமோ?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். மூன்றாவதாக முருங்கனில் இருந்து, வயல் செய்கிற ஒரு குடும்பத்தில் பேச்சு வந்தது. படத்தைப் பார்த்த உடனேயே மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துவிட்டது. அதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமலே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்பது வேறு கதை.

"உந்த வெடிப்பு இதையும் திண்டிடும். மேசனைக் கூப்பிடுங்கோ" என்றார் அம்மா.

அப்பாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "முப்பது வருசமா நான் வள்ளத்தில வெடிப்பு அடைக்கிறன். ஓடுற சாமானையே அடைச்சவனுக்கு, நிண்ட இடத்தில நிக்கிற சாமானுக்கு மேசனோ?"

அடுத்த நாள் காலையில் பைபர் பாயும் றெசின் தகரமுமாக வந்து நின்றார். எங்கள் பக்கத்து வள்ளங்களெல்லாம் பைபர் வள்ளங்கள். அடி வெடித்தால் அந்தப் பாயை வெட்டி வைத்து, றெசின் என்கிற பிசினைப் பூசி இறுக விடுவார்கள். அப்பா எங்கள் சுவரைக் குப்புறக் கவிழ்த்த வள்ளமாகவே பாவித்தார். அரத்தாள் போட்டுத் தேய்த்தார், ஒரு சாண் அகலத்துக்குப் பாயை ஒட்டினார், கடைசியில் வள்ளத்துக்கு வாங்கியதில் மிஞ்சிய நீலத்தையும் பூசிவிட்டு எட்டி நின்று ரசித்தார்.

"இனி ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்கு வராது."

"எந்தத் தண்ணி?" என்று கேட்டார் அம்மா.

அம்மா அந்த நீலத்தின் மேல் சுவரின் நிறத்தில் பெயின்ற் அடித்துப் பார்த்தார். மறுநாள் அது பால் ஆடை மாதிரி உரிந்து வந்தது. திருஇருதய ஆண்டவர் படத்தைக் கொழுவி மறைக்கலாம் என்று ஆணி அடித்தால் ஆணி வளைந்தது. "பாத்தியா, ஆணியே இறங்கேல்ல!" என்று அப்பா சந்தோசப்பட்டார். அம்மா சுத்தியலை அவர் பக்கம் எறியாமல் விட்டது ஆண்டவருடைய கிருபை.

கடைசியில் படுக்கை அறை அலுமாரியை இழுத்து வந்து ஜன்னலை அடைத்து நிறுத்தினோம். அதற்கு மேலே எட்டிப் பார்த்த மிச்ச நீலத்தைப் பிளாஸ்ரிக் பூச்சாடிகள் இரண்டு மறைத்தன. மணத்தைத்தான் மறைக்க முடியவில்லை. றெசின் மணம் தெரியும்தானே, தலைக்குள் போய்க் குடியிருக்கும். அம்மா சாம்பிராணி போட்டார். இரண்டும் சேர்ந்து, வள்ளம் ஒன்றுக்கு அடக்கப் பூசை நடக்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது.

மாப்பிள்ளையும் தாயாரும் அந்த மணத்துக்குள்தான் வந்து இறங்கினார்கள். தாயார், இப்போது எனக்கு மாமி, நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்து விலை சொல்கிறவர். கதிரையில் இருந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"ஒருக்கா ஜன்னலைத் திறந்து விடுங்கோவன்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா பூச்சாடியைப் பார்த்தார்.

"ஜன்னல் அலுமாரிக்குப் பின்னால..." என்று அம்மா இழுத்தார்.

மாப்பிள்ளை நல்ல மனிசன். "அதுக்கென்ன, நான் தள்ளி விடுறன்" என்று எழுந்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார். பூச்சாடிகள் உருண்டன. சுவரில் பட்டை நீலம் பளபளவென்று வெளியே வந்தது. இதுவும் போய்விட்டது என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்பா மட்டும் அசையவில்லை. "வெடிப்பு இருந்தது. நான்தான் அடைச்சனான். பைபர். கடலே வந்தாலும் உள்ளுக்கு வராது."

"இஞ்ச கடல் வாறதோ?" என்று மாமி பயந்து எழுந்தே விட்டார். பிறகு கிட்டப் போய் விரலை மடக்கித் தட்டினார். டொங்கென்றது. இன்னொரு தரம் தட்டினார். எங்கள் பக்கம் திரும்பி, "உந்த அலுமாரியை ஆர் வைச்சது?" என்று கேட்டார்.

அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் அம்மாவைக் கை காட்டினார்.

மாமி சிரித்துவிட்டார். "இவனுக்கு நாலு வீடு பாத்திட்டன். எல்லா வீட்டிலயும் சுவரில புதுக் கலண்டர். பின்னால என்ன எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. நீங்கள்தான் சொன்னீங்கள்." பிறகு மகனைக் காட்டி, "எங்கட வீட்டு வெடிப்பை இவன் கட்டுக்கரைக் குளத்துக் களிமண்ணால அடைச்சவன். மாரிக்குச் சுவரில நெல்லு முளைச்சது" என்றார். மாப்பிள்ளைக்குக் காது சிவந்தது. எனக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது.

கல்யாணம் முடிந்ததும் வீட்டை எங்களிடம் தந்துவிட்டு அப்பாவும் அம்மாவும் கரையோரம் ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விட்டார்கள். அம்மா நினைத்த நேரம் வருவார். அப்பா வரமாட்டார். "பிள்ளைக்குக் குடுத்த வீட்டுக்குள்ள சும்மா போறதோ?" என்பார். ஆனால் பைபர் இறுக்கம், சுவர் வெயிலுக்கு விரிந்து சுருங்கும், ஒவ்வொரு கோடைக்கும் அந்த நீலத்தின் ஓரமாகப் புதிதாக ஒரு கோடு விடும். என் கணவர் போய்ச் சொன்னால் போதும், அப்பா தகரத்தோடு வந்துவிடுவார். களியா பைபரா என்று மாமனும் மருமகனும் ஒரு பாட்டம் வாதாடுவார்கள். மேசன் என்ற சொல்லை மட்டும் ஒருவரும் வாயில் எடுப்பதில்லை. பூசி முடித்த பிறகு, இறுகும் வரைக்கும் பார்க்க வேண்டும் என்று அப்பா சுவருக்கு முன்னால் கதிரையைப் போட்டு இரண்டு மணித்தியாலம் இருப்பார். பேத்தியை மடியில் வைத்திருப்பார். தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பார்.

அப்பா காலமாகி மூன்று வருடம். மகளின் முதல் நன்மைக் கொண்டாட்டத்துக்காக வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வேண்டியிருந்ததால் மேசனைக் கூப்பிட்டோம். அவர் நீலத்தை வெட்டி எடுத்து, கம்பி வலை வைத்துப் பூசி, ஒரே நாளில் முடித்துவிட்டார். நல்ல வேலை. இப்போது ஒரு கோடு கிடையாது, ஒரு மணம் கிடையாது, தட்டிப் பார்க்க வருகிற ஆளும் கிடையாது.

அன்றைக்கு அம்மா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார். றெசினை இறுக வைக்க அதற்குள் ஒரு மருந்து விடுவார்களாம். அளவாக விட்டால் கால் மணித்தியாலத்தில் இறுகிவிடுமாம். "உன்ர சுவருக்கு மட்டும் மருந்தைக் குறைச்சுத்தான் விடுவார். ஏனெண்டு கேட்டால், பேசாம இரு எண்டுவார்."

நான் அந்த இரண்டு மணித்தியாலமும் குசினிக்குள் அடுப்படியில் நின்றுகொண்டு, "இன்னும் காயேல்லையோ அப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"இன்னும் இல்லைப் பிள்ளை" என்பார்.