முதல் பெயருக்கு விழுந்த ஓட்டு

பாட்டுக்காரர்களுக்குக் கொடுக்கிற விருது திறமைக்கா, இல்லை கூட்டம் சேர்ப்பதற்கா என்று யாராவது வாதம் செய்தால் இப்போதெல்லாம் நான் நடுவில் புகுவதில்லை. எனக்குக் கிடைத்த விருது இரண்டிலும் சேராது.

முன்பு புகுவேன், அதுவும் சத்தமாக. மும்பை செம்பூரில் ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பது என் வேலை. விடுமுறை நாட்களில் தாராவி மெல்லிசைக் குழு ஒன்றில் பாடுகிறேன். கல்யாணம், கோயில் கொடை, பொங்கல் விழா என்று மான்குர்திலிருந்து அம்பர்நாத் வரை நாங்கள் மேடை ஏறாத இடமில்லை. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. தமிழ்ச் சங்கம் கொடுக்கும் சிறந்த பாடகர் கேடயம் குழுவில் யார் கையில் கடைசியாக வந்ததோ, அவர்தான் நிகழ்ச்சியின் முதல் பாட்டைப் பாட வேண்டும். பதினான்கு வருடமாக நான் மூன்றாவது பாட்டிலோ நான்காவது பாட்டிலோதான் மைக்கைத் தொடுகிறேன். அந்த முதல் பாட்டின் மேல் எனக்கு அப்படி ஓர் ஆசை.

முதல் பாட்டு எங்கள் குழுவின் ஓர் அண்ணனிடம் இருந்தது. தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். தென்காசிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் தமிழ் அவருக்குப் பேசவும் பாடவும் மட்டும் வரும். பிள்ளையார் பாட்டு முதல் காதல் பாட்டு வரை எல்லாவற்றையும் நோட்டில் இந்தி எழுத்தில் எழுதி வைத்திருப்பார். அவர் பிள்ளையார் பாட்டை எடுத்தால் பந்தலில் நாற்காலி இழுக்கிற சத்தம் நின்றுவிடும். ஆனால் அடுத்தவர் பாட்டைப் பாராட்ட மட்டும் வாய் வராது. நான் உயிரைக் கொடுத்துப் பாடிவிட்டுத் திரும்பினால், "ம், அடுத்த பாட்டு" என்பார். அவ்வளவுதான்.

அவருக்கு அந்தக் கேடயத்தைக் கொடுத்தது மாட்டுங்காவைச் சேர்ந்த மூன்று நடுவர்கள். மூன்று பேர் காபி குடித்துக்கொண்டே முடிவு செய்வதெல்லாம் ஒரு விருதா, ஜனங்களைக் கேட்க வேண்டாமா என்று வருடா வருடம் சண்டை போட்டவள் நான். கடைசியில் சங்கம் இறங்கி வந்தது. இந்த முறை ஃபோனில் ஓட்டு, ஒரு ஃபோனுக்கு ஒரு ஓட்டு என்றார்கள். செயலாளர் மாட்டுங்காக்காரர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். போட்டியாளர்களை அழைத்து விதிகளைச் சொன்னார்.

"ஃபோட்டோ போட்டா ஜனங்க மூஞ்சியப் பாத்து ஓட்டுப் போட்டுடுவா. பாட்டுக்குன்னா ஓட்டு விழணும்? அதனால பேர் மட்டும்தான். அகர வரிசைல, தமிழ்ல."

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. என் பெயர் 'அ'வில் தொடங்குகிறது, பட்டியலில் முதல். அண்ணன் பெயர் 'ஷா'வில் தொடங்குகிறது, கடைசி. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு நான் ஓட்டுச் சேகரித்த கதையைச் சொன்னால் மானம் போகும். என் ஃபோன், வீட்டுக்காரர் ஃபோன், மருத்துவமனை ஃபோன் மூன்றிலும் எனக்கே போட்டேன். பல்லுக்கு வந்தவர்களையும் விடவில்லை. மருத்துவர் முன்னால் வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவரால் முடியாது என்று சொல்ல முடியாதே.

ஜெயித்தேன். கொஞ்ச நஞ்ச வித்தியாசத்தில் இல்லை; மற்ற எல்லோரையும் சேர்த்தாலும் என் பக்கத்தில் வர முடியாது. கேடயத்தை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு, டிவியைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாராவி மட்டுமில்லை, அம்பர்நாத் வரைக்கும் என் குரல் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் நாலு தடவை சொன்னேன். ஐந்தாவது தடவை அவர் குளிக்கப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு ஜிலேபி வாங்கிக்கொண்டு அண்ணன் பட்டறைக்குப் போனேன். மரியாதைக்கென்று சொல்லிக்கொண்டாலும், கொஞ்சம் காட்டிக்கொள்ளவும்தான். அண்ணன் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் படிக்கும் அவர் மகளும் இருந்தாள்.

"அரே, மேல இருந்த பேரு உங்களதா ஆண்ட்டி?" என்றாள்.

"ஏன், பாத்துத்தானே போட்ட?"

"எனக்கு எங்க தமிழ் படிக்க வருது? வாப்பாதான் எப்பவும் முதல்ல பாடுவாங்க. அதனால மேல இருக்கறது வாப்பா பேருதான்னு அமுக்கிட்டேன். காலேஜ் குரூப்ல எல்லார்ட்டயும் மேல இருக்கறத அமுக்குங்கன்னு சொல்லிட்டேன்."

நான் ஜிலேபிப் பொட்டலத்தைக் கீழே வைத்தேன். அண்ணன் மெஷினை நிறுத்தினார்.

"அப்ப நீங்களுமா அண்ணே?" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "நானும் அதைத்தான் அமுக்குனேன், தங்கச்சி. எனக்கு நானே போட்டுக்கிடுதேன்னு நெனச்சு. இன்னொரு தடவை வாங்கணும்னு எனக்கும் ஆசை இருக்காதா?"

பிறகு மான்குர்த், அம்பர்நாத் என்று தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு விசாரித்தேன். எங்கும் இதே பதில். பெரியவர்கள் ஃபோனைப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் தமிழ் எழுத்தைப் பார்த்து மிரண்டு, மேலே இருந்ததைத் தட்டிவிட்டு விளையாடப் போயிருக்கிறார்கள். பத்துப் போட்டியாளர்களுக்கு வேண்டியவர்கள் எல்லோரும் சேர்ந்து என்னை ஜெயிக்க வைத்திருக்கிறார்கள். திறமையும் இல்லை, புகழும் இல்லை, அப்பா அம்மா வைத்த பெயர். சிரிப்பு வந்தது. ஆனால் அன்று முழுக்க மனசு பாரமாகத்தான் இருந்தது.

கேடயத்தைத் துணிப்பையில் போட்டு அண்ணனிடம் கொண்டுபோனேன். செயலாளரிடம் சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"தாராளமா சொல்லு. அடுத்த வருசம் ஃபோட்டோ போடட்டும். ஆனா இதை நான் வாங்க மாட்டேன். கேடயம் உங்கிட்ட வந்துட்டு. வழக்கம்னா வழக்கம்தான், அடுத்து வர்ற அம்பர்நாத் கச்சேரில முதல் பாட்டு நீதான் பாடணும். நான் கீழ உக்காந்து கேக்கேன். முதல் பாட்டைக் கீழ இருந்து கேட்டு எத்தனை வருசமாச்சு."

அம்பர்நாத்தில் ஃபேக்டரிக் குடியிருப்புக்குப் பக்கத்தில் பந்தல். மாலை வெயில் இன்னும் இறங்கவில்லை. அண்ணன் முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினான்கு வருடமாக ஆசைப்பட்ட முதல் பாட்டுக்கு மைக்கைக் கையில் வாங்கினேன். பந்தலில் எத்தனை பேர் இருந்தார்கள், யார் கைதட்டினார்கள் என்று எதுவும் ஞாபகமில்லை. அவர் கால் தாளம் போடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே பாடினேன். பல்லவியில் போட்டது. இரண்டாவது சரணத்தில் நின்றுவிட்டது.

பாடி முடித்து இறங்கினேன். அடுத்த பாட்டுக்காக அவர் படி ஏறிக்கொண்டிருந்தார். "ம், அடுத்த பாட்டு" என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ரெண்டாவது சரணத்துல சுருதி கீழ போயிட்டு, தங்கச்சி" என்றார். ஒரு படி ஏறிவிட்டுத் திரும்பினார். "பல்லவி நல்லா இருந்துச்சு."

மேடைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன், சந்தோஷமாகத்தான். திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்திலிருந்த மராத்திக்கார அம்மாள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தாதர் வரும்வரை நான் அந்த இரண்டாவது சரணத்தையே பாடிக்கொண்டிருந்தேன்.