மச்சானுக்காக நின்ற கப்பல்

கோயமுத்தூரில் தினமும் ஒரு கப்பல் கவிழ்கிறது. கடலே இல்லாத ஊர் என்பதால் யாருக்கும் பதற்றமில்லை. வேலைக்கு வந்த முதல் வாரம், டீ நேரத்தில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். "ஏனுங்க அம்மணி, கப்பல் கவுந்தாப்ல உக்காந்திருக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு ஃபோர்மேன் பழனிச்சாமி நிதானமாக வடையைக் கடித்தார். என் சொந்த ஊரான தூத்துக்குடியில் நம் வீடுகளில் அந்த இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொன்னால் அம்மா வாயிலேயே போடுவாள். அண்ணன் கப்பலில் இருக்கிறான்.

அன்றிலிருந்து இந்த ஊர்க் கப்பல்களை மனதுக்குள் வரிசைப்படுத்தி வருகிறேன். டிப்ளமோ படித்த பழக்கம். பெரிய வீடு கட்டினால் 'கப்பலாட்டம் ஊடு'. முதலாளியின் அம்பாசடர் கார் ஒரு கப்பல். பெண் தானாக மாப்பிள்ளை தேடிக்கொண்டால் குடும்ப மானம் கப்பலேறும். எந்தத் துறைமுகத்தில் இறங்கும் என்று எவருக்கும் தெரியாது. நமக்கோ கப்பல் என்பது வேலை, மாப்பிள்ளையின் தகுதி, கடிதம் வராத மாதங்கள்.

எங்கள் தொழிற்சாலையில் தண்ணீர் பம்பு செய்கிறார்கள். நான் தரப் பரிசோதகர், தற்காலிகம். முதல் ஏற்றுமதி ஆர்டர் வந்து, சரக்கு தூத்துக்குடி வழியாகப் போகும் என்றதும் முதலாளி முகம் மலர்ந்தது. "நம்ம அம்மணி ஊருங்க. சரக்கு நல்லபடியா ஏறிருச்சுன்னா நீங்க பர்மனென்ட்." ஏறாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. மரியாதையான ஊர். வாங்குகிறவர் வெளிநாட்டுக்காரர், அவர் சொல்லிவிட்டார்: இந்தக் கப்பலைத் தவறவிட்டால் ஆர்டர் ரத்து.

அன்றிரவு கப்பல்; லாரி காலையிலேயே கிளம்ப வேண்டும். பூசணிக்காய் தயார், கற்பூரம் தயார். காங்கேயத்திலிருந்து முதலாளியின் மச்சான் மட்டும் வந்து சேரவில்லை. இங்கே ஆள் வராமல் எதுவும் புறப்படாது. 'சாந்தியக்கா சீலை மாத்திட்டிருக்குதுங்க' என்றால் டவுன் பஸ்கூட நிற்கும். நம் ஊரில் ஓட்டுநர் ஏறாவிட்டாலும் பஸ் கிளம்பிவிடும். மதியமாயிற்று.

"சார், கப்பல் நமக்காக நிக்காது" என்றேன்.

"மச்சான உட்டுப்போட்டு அனுப்புனா அப்புறம் அவரு மொகத்துல முழிக்க முடியுங்களா? வந்துட்டே இருக்கறம்னு போன்ல ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. உங்கூரு கப்பல்தானுங்களே."

சுங்கம், துறைமுக விதி, கப்பல் அட்டவணை என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாஞ் செரிங்க. சொல்லிப் பாருங்க."

அப்பா துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தா. அவருக்கே போன் போட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள், "ஏட்டி, கப்பல் என்ன அந்த மச்சானுக்குச் சம்பந்தியா, நின்னு பாத்துட்டுப் போவ? அங்க போயி ஒனக்குப் புத்தியும் தண்ணியில்லாமக் காஞ்சிட்டா?" என்றார்.

மச்சான் மாலையில் மனைவி மக்களோடும் ஒரு டின் தேங்காயெண்ணெயோடும் வந்தார். லாரி கிளம்பியது. கப்பலையும் வழியனுப்பிவிடலாம் என்று எல்லோரும் பின்னாலேயே வேனில் ஏறினார்கள். தாராபுரம் தாண்டும்வரை புளிசாதம் சுற்றி வந்தது. நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

விடியும்போது தூத்துக்குடியில் மழை. முந்தின நாள் பிடித்த மழையில் சரக்கேற்றும் வேலை நின்று, கப்பல் கிளம்பாமல் கிடந்தது. மழை தூறலானதும் எங்கள் பெட்டிகளும் ஏறின.

"பாத்தீங்களா? சொன்னா நிப்பாங்க" என்றார் முதலாளி. நான் மழையைக் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை. சரக்கு எண்ண வந்திருந்த அப்பாவின் கைகளை மச்சான் பிடித்துக்கொண்டார். "என்னால கப்பலுக்குத் தாமசமாயிருச்சு. உங்களுக்கெல்லாம் ரொம்பச் சிரமங்க."

அப்பா என்னைப் பார்த்தார். பர்மனென்ட் விஷயம் அவருக்குத் தெரியும். மூட்டைக் கணக்கில் ஒன்று பிசகினாலும் சாப்பிடாத மனிதர். "ஒரு சிரமமும் இல்ல" என்றார்.

மழை விட்டதும் கப்பல் கிளம்பியது. கடற்கரையில் வரிசையாக நின்று பார்த்தோம். முதலாளி அதைக் கும்பிட்டார். "திங்கக்கெழமை வந்து பர்மனென்ட் ஆர்டர வாங்கிக்குங்க அம்மணி" என்றவர், தூரத்தில் போனதை உற்றுப் பார்த்து, "உங்க கப்பல் இத்தனூண்டுதானுங்களா?" என்றார் ஏமாற்றத்தோடு. அதே நேரம் அப்பா என் காதருகே, "ஒங்க ஆளுவள மேல ஏறி நிக்கச் சொல்லுட்டி, அலை வருது" என்றார்.

சொல்வதற்குள் வந்துவிட்டது. முதலாளியும் மச்சான் குடும்பமும் துணியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். அப்பா வேட்டி நனைய அப்படியே நின்றார். எந்தப் பக்கம் போவதென்று நடுவில் நின்ற எனக்கு ஒரு கால் மட்டும் நனைந்தது.