தண்ணி டிரம்முக்கு அடித்த சிவப்பு

எனாமல் பெயிண்ட் டப்பாவின் மூடியை நெம்பித் திறந்ததும் மூக்கில் ஏறுகிற அந்த நெடி, கண்ணைக் கரித்தாலும் எனக்கு இன்றுவரை பிடித்தமானது. ஐந்தாவதைத் தாண்டாதவன் நான்; ஆனால் துணியை வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிக் காட்டினால் சாயம் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன், திருப்பூர்க் காதர்பேட்டைத் துணிச் சந்தைக்கு வரும் வடநாட்டு வியாபாரிகள் என் கண்ணை நம்பித்தான் சரக்கு எடுக்கிறார்கள். இந்தக் கண் என் அப்பாவிடமிருந்து வந்ததல்ல.

அப்பா சேவூர்ப் பக்கம் நிலமும் மாடுகளும் வைத்திருந்த ஒரு தோட்டக்காரரிடம் டிராக்டர் ஓட்டினார். சித்திரையில் மாட்டுத் 'தாவணி', அதாவது மாட்டுச் சந்தை, கூடும்போது, தோட்டக்காரரின் காளைகள் விலைபோகும்வரை நாங்கள் டிரெய்லருக்குத் தகரக் கூரை போட்டு அதிலேயே குடியிருப்போம். கூரைமேல் ஒரு தண்ணி டிரம், அடுப்புப் புகை போகும் குழாய்க்கு ஒரு தகர மூடி, தீவனம் கட்ட இரும்புச் சட்டம். சந்தை மைதானம் முழுக்க இதே மாதிரிக் கூரைகளாக நிற்கும் என்பதால், கூட்டத்துக்கு நடுவே தன் வண்டி எது என்று தெரிய, ஆளுக்கொரு கலரைக் கூரைமேல் இருப்பவற்றுக்கு அடித்து வைப்பார்கள்.

என் சின்ன வயதில் ஒரு வருடம், சந்தை முடிந்ததும் டிராக்டரையே விற்றுவிடப் போவதாகத் தோட்டக்காரர் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அடுத்த வேலை என்ன என்பதுதான் வீட்டில் ஓயாத பேச்சு. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் மேஸ்திரியாக இருந்த என் மாமன், அம்மாவின் அண்ணன், அங்கே சாயத்தின் நிறம் மாதிரித் துணியோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்கு அப்பாவைச் சொல்லி வைத்திருந்தார். சந்தைக்கு வந்து கையோடு கூட்டிப்போவதாக ஏற்பாடு.

சந்தைக்குக் கிளம்புமுன் பெயிண்ட் கடையில் அப்பா என்னைத்தான் முன்னால் நிறுத்தினார். "என்ன கலர் அடிக்கலாம், நீயே சொல்லு கண்ணு."

"வெள்ளையே வாங்குங்க, தண்ணியும் சூடாகாது" என்றாள் அம்மா.

நான் சிவப்புத்தான் வேண்டும் என்று நின்றேன். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அவர் பார்க்கவில்லை. "பையன் ஆசைப்படறான், இருந்துட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டார்.

சந்தையில் எங்களுக்குக் கிடைத்த இடம் புளியந்தோப்பின் ஓரம். தழைத்து நின்ற பச்சைக்கு முன்னால் எங்கள் டிரம்மும் மூடியும் ரத்தச் சிவப்பில் அப்படிப் பளிச்சென்று தெரிந்தன, மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்தே நான் அடையாளம் சொல்வேன். மறுநாள் உச்சி வேளையில் மாட்டுக்குச் சோளத்தட்டுக் கட்டு வாங்கப் போன அப்பா திரும்பி வரவில்லை. மாமன் வந்து உட்கார்ந்து மோர் குடித்து முடித்தும் வரவில்லை. அப்புறம் பார்த்தால், சோளத்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் கண்ணெதிரிலேயே தோப்போரமாகப் போகிறார், திரும்பி வருகிறார், யாரையோ நிறுத்தி விசாரிக்கிறார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

மாமன் சிரித்தார். "ஏனுங் மாப்ள, பட்டப்பகல்ல சொந்த ஊடு தெரியலீங்களா? கள்ளுக் கிள்ளு போட்டுட்டீங்களா? இந்தக் கண்ண வெச்சுத்தான் நாளைக்கு எங்க பட்டறையில சாயம் பாக்கப் போறீங்களாக்கும்."

அப்பா தலையிலிருந்த தட்டுக்கட்டை இறக்கவே இல்லை.

அம்மா சொன்னாள்: "அண்ணா, அந்த வேல வேண்டாங்ண்ணா. சாயத்தண்ணி நாத்தம் எனக்கு ஆகாது. அந்தத் துணியோட அவரு தினம் ஊட்டுக்கு வந்தா நான் சோறு திங்க முடியுமா? வண்டி ஓட்டற வேலையா இருந்தா வாங்கிக் குடுங்க."

"உனக்கு வந்த வக்கணையப் பாரு" என்று மாமன் கோபித்துக்கொண்டார். ஆனால் போகும்போது, துணி மூட்டை ஏற்றும் வண்டிக்கு டிரைவர் தேடுவதாக ஒரு பேச்சு விட்டுவிட்டுப் போனார். அந்த வண்டிதான் எங்களைத் திருப்பூருக்குக் கொண்டுவந்தது.

மாமன் தலை மறைந்ததும் அம்மா, மாட்டுக் கொம்புக்குப் பெயிண்ட் விற்பவனிடம் ஒரு சின்ன டப்பா வெள்ளை வாங்கினாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, சந்தையே பார்க்கக் கூரைமேல் ஏறி, டிரம்மைச் சுற்றிக் கையகலத்துக்கு ஒரு பட்டை அடித்தாள். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இப்பத் தெரியுதுங்களா?"

அப்பா சற்றுத் தள்ளிப் போய் நின்று பார்த்தார். "தெரியுது புள்ள."

அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பதை, நான் சொந்தமாக நாலு தையல் மிஷின் போட்டுத் தலைநிமிர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். மிளகாய் பறிக்கப் போனால் காயும் பழமுமாகக் கொண்டுவருவாராம். கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாளாம். அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

இன்று அந்தத் தோப்பு இருந்த இடத்தில் நூல் கிடங்கு நிற்கிறது. டிரெய்லரில் குடிபோகிறவர்கள் யாரும் இல்லை. மாடுகளே லாரியில் வந்து லாரியில் போகின்றன. அம்மா இருந்தவரை அப்பாவின் சட்டையை அவள்தான் எடுத்து வைப்பாள், நீலமும் மஞ்சளுமாக மாப்பிள்ளை மாதிரிப் போவார். அவள் போன பிறகு கடைசிவரை வெள்ளை தவிர எதையும் அவர் தொடவில்லை. பெண்டாட்டி போன துக்கம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் ஆமாங்க என்றுதான் சொன்னேன்.