அத்தையின் குரல் மட்டும்

எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே என் மேசைமேல் சிறிய மைக் ஒன்று உண்டு. உள்ளே படுத்திருப்பவரிடம் "அசையாதீங்க, இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்று சொல்வதைத் தவிர அதில் நான் வேறெதுவும் பேசியதில்லை. மாமாவுக்கு ஸ்கேன் எடுத்த அன்று அதில் அத்தை பேசினாள்.

மாமா, அத்தையின் கணவர். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகு எஞ்சின்களைப் பழுதுபார்த்தவர். பார்க்கின்சன் நோய் முதலில் அவர் கைகளை நடுங்க வைத்தது. சில ஆண்டுகளில் நினைவுக்குள்ளும் புகுந்தது. முத்தியால்பேட்டை வீட்டில் ஒரு காலை, காபி கொண்டுவந்த அத்தையை உற்றுப் பார்த்து, "நீங்க யாரு? என் சம்சாரம் எங்க?" என்று கேட்டிருக்கிறார். அத்தை கல்யாணப் போட்டோவைக் காட்டினாள். "அவங்க மாதிரியேதான் இருக்கீங்க" என்றாராம், மரியாதையாக. அந்த மரியாதையைத்தான் அத்தையால் தாங்க முடியவில்லை.

ஸ்கேன் குழாய்க்குள் போனதும் மாமா பயந்துபோய் அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். என் பேச்சு எடுபடவில்லை. பக்கத்தில் நின்ற அத்தையிடம் மைக்கைத் தள்ளினேன்.

"இங்கதான் இருக்கேன். ஆடாம படுங்க."

"வந்துட்டியா? இத்தினி நாளா எங்க போயிருந்த?"

அதன்பின் அவர் தலை அசையவில்லை.

டாக்டர் படங்களைக் காட்டினார். மூளையின் பகுதிகளை இணைக்கும் வெண்ணிற நரம்பு இழைகள் பல இடங்களில் சிதைந்திருந்தன. நரம்பணுக்கள் நலமாக இருப்பதைக் காட்டும் ரசாயனமும் குறைந்திருந்தது.

"என் மூஞ்சி இதுல எங்க டாக்டர் அழிஞ்சிருக்கு?" என்று கேட்டாள் அத்தை.

"அதைப் படத்துல காட்ட முடியாதும்மா. முகத்தை அறியற வழி வேற, குரலை அறியற வழி வேற. குரல் வழி இன்னும் மிச்சம் இருக்குபோல."

நேரில் பேசினால் முகம் குறுக்கே வந்துவிடும். அதனால் அன்றிலிருந்து அத்தை சமையலறையில் நின்றபடி மாமாவின் கைபேசிக்கு அழைத்துப் பேசினாள். ஒருமுறை மாமா பேசியது என் காதிலும் விழுந்தது.

"ஒரு அம்மா வந்து சோறு போடுறாங்க. நல்லவங்கதான். ஆனா நீ சீக்கிரம் வந்துடு."

"வந்துடறேன்" என்றாள். போனை வைத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு, அந்த அம்மாவாக அவர் அறைக்குப் போனாள்.

மாமா இறந்து ஓராண்டு கடந்துவிட்டது. இன்றும் திரையில் அப்படிச் சிதைந்த இழைகளைப் பார்க்கும்போது, வெளியே காத்திருக்கும் மனைவியின் முகத்தைப் பார்க்கத் தயங்குகிறேன். கடைசி நேரத்தைப் பற்றி அத்தை ஒரே ஒருமுறைதான் சொன்னாள்.

"கையைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்டா. அவ எங்க, அவ எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. போன்ல பேசணும்னா அந்தாண்ட போவணும். கையை விட மனசு வரலை. என்னை எதிர்பாத்துக்கிட்டே போயிட்டாரு."