ஒரு நாள் முந்தி வந்தவள்

எங்கள் ஊரில் கடைத்தெரு என்று தனியாக ஒன்று கிடையாது. திருத்தங்கலில் இருந்து வரும் பஸ் நின்று போகிற இடத்தில் வரிசையாக ஆறு கடைகள், அவ்வளவுதான். டீக்கடை, கறிக்கடை, பூக்கடை, சலூன், ரீசார்ஜ் கடை, கடைசியில் பலசரக்குக் கடை. கோயம்புத்தூரில் என் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சூப்பர் மார்க்கெட்டின் ஒரு மூலைக்குள் இத்தனையையும் அடைத்துவிடலாம். ஆனால் அங்கே வண்டி நிறைய சாமான் வாங்கினாலும் ஒருவர்கூட என் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இங்கே பஸ்ஸைவிட்டு இறங்கினால் போதும், "எப்ப வந்தீக? இளைச்சுப் போயிட்டீகளே" என்று கேட்க ஆள் உண்டு. நான் கடைசியாக இளைத்திருந்தது கல்யாணத்துக்கு முன்னால். இருந்தாலும் கேட்பார்கள். எனக்கும் அதைக் கேட்க வேண்டும்.

அம்மா போனபிறகு அப்பா அந்த ஊரில் தனியாகத்தான் இருக்கிறார். திருத்தங்கலில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னோடு வந்து இருங்கள் என்று நானும் கரடியாய்க் கத்திப் பார்த்துவிட்டேன். "பாப்போம்" என்பார். அவர் அகராதியில் அதற்கு 'மாட்டேன்' என்று அர்த்தம். நான் ஊருக்குப் போனாலும் நிமிர்ந்து பார்த்து ஒரு வார்த்தை கேட்பார், அப்புறம் அவர்பாட்டுக்கு இருப்பார். கிளம்பும்போது பஸ் வரைக்கும் வருவார், பஸ் எடுப்பதற்கு முன்னாலேயே திரும்பி நடந்துவிடுவார். இந்த மனிதருக்கு நான் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அம்மா இருந்தவரை அவர் மனதில் இருப்பதை அம்மாதான் எடுத்துச் சொல்லுவாள். இப்போது சொல்ல ஆளில்லை.

போன கார்த்திகையில் ஒரு முடிவோடு கிளம்பினேன். கோயம்புத்தூரில் அவருக்கென்று ஒரு அறையை ஒழித்து, வெள்ளையடித்து, புதுக்கட்டில் வாங்கிப் போட்டாயிற்று. இந்தமுறை கையோடு கூட்டி வந்துவிடுவது, அழுதாவது புரண்டாவது. போனில், "ஏழாம் தேதி வர்றேன்ப்பா" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஏழாம் தேதி சனிக்கிழமை. மத்தியானத்துக்குமேல் போய் இறங்கினேன். மழை வருகிற மாதிரி மூட்டமாக இருந்தது. வீடு பூட்டிக் கிடந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருப்பார் என்று பையைத் தூக்கிக்கொண்டு திரும்ப நடந்தேன். டீக்கடைத் தம்பி என்னைக் கண்டதும் பேயைக் கண்டவன் மாதிரி முழித்தான்.

"என்னக்கா, இன்னைக்கே வந்துட்டீக?"

"இன்னைக்குத்தான வர்றேன்னு சொல்லியிருந்தேன்."

"அப்பா ஞாயித்துக்கிழமைன்னுல்ல சொன்னாரு! நாளைக்குக் காலையில தண்ணி கலக்காத பாலா ஒரு செம்பு எடுத்து வைடா, எம்மக டீ குடிக்காது, காப்பிதான் குடிக்கும்னு காலையிலகூடச் சொல்லிட்டுப் போனாரு."

அவர் எங்கே என்று கேட்டேன். இருக்கன்குடிக்குப் போயிருக்கிறாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா உயிரோடு இருந்தபோது ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி போக அவரை எழுப்புவதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்று ஆகிவிடும். எதற்குப் போனார் என்றேன். "சும்மா, சாமி கும்பிடத்தான்" என்று சொல்லிவிட்டு, ஒருவரும் கேட்காத டீயை மும்முரமாக ஆற்ற ஆரம்பித்தான்.

மேலே ஒன்றும் அவனிடம் பெயரவில்லை. பையை அங்கேயே வைத்துவிட்டு, அவர் வரும்வரை கடைகளைச் சுற்றி வரலாம் என்று கிளம்பினேன். கறிக்கடையில் மரக்கட்டையைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் எனக்கு மாமா முறை. அவரும், "நாளைக்கில்லத்தா நீ வாரதா அப்பா சொன்னாக?" என்றார். நாளை அறுக்கிற முதல் ஆட்டின் ஈரல் எனக்கென்று அப்பா சொல்லி வைத்திருக்கிறாராம். "ஒவ்வொரு தடவ நீ வரும்போதும் அப்பிடித்தான். வெள்ளென வந்து உக்காந்துக்கிருவாரு. எம்மகளுக்கு எடுத்து வச்சிட்டுத்தான் வேற ஆளுக்குத் தரணும்பாரு."

நான் வருகிற ஒவ்வொரு தடவையும் வீட்டில் ஈரல் வறுவல் இருக்கும். ஏதுப்பா என்றால், "பக்கத்து வீட்ல குடுத்தாக" என்பார். நானும் பக்கத்து வீட்டு மதினிக்கு மறக்காமல் கோயம்புத்தூரில் இருந்து மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போவேன். அவளும் ஒன்றும் தெரியாதவள்போல வாங்கிக்கொள்வாள்.

பூக்காரம்மா பிச்சிப்பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு இரண்டு முழம் மல்லிகை அப்பா சொல்லியிருக்கிறார். மழைக்காலத்தில் மல்லிகை ஏது, கிடைத்தாலும் யானைவிலை குதிரைவிலை என்று சொல்லிப் பார்த்தாளாம். "எம்மகளுக்கு மல்லியப்பூன்னா உசிருன்னு ஒத்தக்கால்ல நிக்காரு" என்றாள். நான் தலையில் பூ வைப்பதை விட்டு எவ்வளவோ காலமாகிறது. அப்பாவின் மனதில் நான் இன்னும் ரெட்டைச் சடையோடு பூவுக்கு அடம்பிடித்துக்கொண்டிருக்கிறேன் போல. அந்த இடத்திலேயே நின்று ஒரு பாட்டம் அழுதுவிட வேண்டும் என்று வந்தது. என் அப்பா என்னைத் தேடுகிறார். ஊரில் ஒவ்வொரு கடையிலும் போய்ச் சொல்லிச் சொல்லித் தேடுகிறார். என்னிடம் மட்டும்தான் சொல்லவில்லை.

கடைசியில் பலசரக்குக் கடை. அதை நடத்துகிற அத்தை எங்கள் அம்மாவுக்குச் சேக்காளி, சின்ன வயதில் இருந்தே தோழி. அவளும் திகைத்து, அப்புறம் விஷயம் புரிந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்தக் காலண்டர்னால வந்த வெனை தாயி. அடுத்த வருசத்துக் காலண்டர்ல ஏழாந்தேதி ஞாயித்துக்கிழமைல்ல!"

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்கள் பக்கம் ஆடியிலேயே அடுத்த வருஷத்துக் காலண்டர் அச்சாக ஆரம்பித்துவிடும். கார்த்திகைக்குள் பாதி வீட்டுச் சுவரில் பிறக்காத வருஷம் தொங்கும். அதைப் பார்த்து நாள் குறித்து, ஆளில்லாத கல்யாண மண்டபத்துக்கு மொய்க்கவரோடு போய் நின்றவர்கள் எங்கள் ஊரில் உண்டு. ஆனால் அப்பா பிரஸ்காரர். ஆயுசு முழுக்கக் காலண்டர் அடித்த மனிதர் இந்தத் தப்பைச் செய்து நான் பார்த்ததில்லை.

"வீட்ல இந்த வருசத்துக் காலண்டர் இருக்குமே?" என்றேன்.

"இருக்கு. அதுல நம்பரு பொடிசா இருக்குன்னு, பிரஸ்ல சொல்லிப் பெரிய நம்பரா ஒண்ணு வாங்கியாந்தாரு..." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அப்பாவின் மஞ்சள் பை, சாமானோடு தயாராக இருந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு பொட்டலத்தில் ஒற்றை ரப்பர் பேண்ட், இன்னொன்றில் இரண்டு. கடலைமாவுப் பொட்டலத்தில் சணல் முடிச்சு. இதெல்லாம் என்ன அத்தை என்றேன். அவள் தராசைத் துடைத்தாள். நான் விடவில்லை. நான் விடாக்கண்டி என்பது அவளுக்கும் தெரியும்.

"ஒத்த ரப்பர் சீனி. ரெட்ட ரப்பர் உப்பு" என்றாள். "கண்ணுல புரை விழுந்திருக்கு தாயி. ஒரு கண்ணு சுத்தமா அவிஞ்சுபோச்சு. இன்னொண்ணுல மசமசன்னு ஆள் நிக்கிறது தெரியும், யாருன்னு தெரியாது."

"எம்புட்டு நாளா?"

"ஆடியில இருந்தே. கண்மலர் வாங்கிச் சாத்தத்தான் இன்னைக்கு இருக்கன்குடி போயிருக்காக. நீ வாரதுக்கு முன்னாடி முடிச்சிட்டு வந்துரணும்னு போனாக." கண் நோய்க்கு வெள்ளியில் கண் செய்து மாரியம்மனுக்குப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"எங்கிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலையே!"

"ஒவ்வொரு கடையா ஏறிச் சொல்லிட்டுப் போனாக தாயி, எம்மக வந்தா யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு. தெரிஞ்சா நீ கூட்டிட்டுப் போயிருவன்னு பயம். நாங்களும் ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லாத நாளில்ல. அங்க போனா மகளை வரச்சொல்லுவான், அது வந்தா என்னை இங்கன விட்டுட்டுப் போகாதுங்காக."

எனக்கு உச்சந்தலைக்குக் கோபம் ஏறியது. ஊரே சேர்ந்து எனக்குக் காது குத்தியிருக்கிறது. "கூட்டிட்டுப் போனா என்ன தப்பு? நான் பாத்துக்கிற மாட்டேனா?" என்று கத்தினேன்.

"பாத்துக்கிருவ. யாரு இல்லைன்னா? நீ வேலைக்குப் போனபெறகு அவரு யாருட்ட பேசுவாரு?"

அதற்குள் பட்டாசு கம்பெனி வேன்கள் வந்துவிட்டன. சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் இடமே நிறைந்துபோனது. இறங்கிய பெண்கள் டீக்கடை ஓரத்து டிரம்மில், முழங்கை வரை படிந்திருந்த வெள்ளிநிற மருந்துப்பொடியைக் கழுவினார்கள். மருந்துக் கையோடு அடுப்புப் பக்கம் யாரும் போகக்கூடாது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். வேன்களுக்குப் பின்னாலேயே சாத்தூர் பக்கம் போன பஸ் திரும்பி வந்தது. கடைசி ஆளாக அப்பா இறங்கினார். நெற்றி நிறைய திருநீறு.

அவர் நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டீக்கடைத் தம்பி, "பெரியப்பா, வாங்க" என்றான். நாலு எட்டு வைத்ததும் கறிக்கடையில் இருந்து, "மச்சான், மழை வரும்போல இருக்குல்ல" என்று குரல். பூக்காரம்மா, "அண்ணே, பாத்து, தண்ணி கெடக்கு" என்றாள். அவர் தண்ணீரைத் தாண்டினார். சலூனில் இருந்து ஒரு இருமல். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் சும்மா பேசவில்லை. எந்தக் கடையைத் தாண்டுகிறார் என்று அவருக்குத் தெரிவதற்காக ஒவ்வொருவரும் குரல் கொடுக்கிறார்கள். அந்தக் குரல்களைக் கயிறாகப் பிடித்துக்கொண்டு அப்பா கம்பு இல்லாமல், தடுமாறாமல் வந்து சேர்ந்தார்.

என் முன்னால் வந்து நின்றார். என் முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

"யாரு, சாமான் வாங்க வந்தீகளா? நீங்க வாங்கிக்கோங்கம்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். என் அப்பா என்னை 'நீங்க' என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவரே தொடர்ந்தார். "எனக்கு நாளைக்குத்தான் வேணும். கோயம்புத்தூர்ல இருந்து எம்மக வருது." அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. "அது வந்தாத்தான் வீடு வீடா இருக்கு. அது போனபெறகு ரெண்டு நாளைக்கு நான் வீட்டுக்குள்ளயே போறதில்ல பாத்துக்கோங்க, டீக்கடையிலதான் கெடப்பேன். மொகம் தெரியாட்டிப் போகுது, அது ரெண்டு நாளைக்கு அங்கிட்டும் இங்கிட்டும் நடந்து என்னைய வைஞ்சுக்கிட்டே திரியிற சத்தம் கேட்டாப் போதும்."

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். ஒரு சத்தம் வந்தால் போதும், அவருக்குத் தெரிந்துவிடும். இத்தனை பேரைக் கட்டிக்காக்கச் சொல்லி அவர் மறைத்து வைத்தது நடுத்தெருவில் உடைந்துபோகும். நாளைக்கென்று அவர் எடுத்து வைத்திருக்கிற சந்தோஷமும் போய்விடும். அத்தை என்னைப் பார்த்தாள். சொல்லாதீக என்று நான் தலையை ஆட்டினேன்.

"வெளியூர்க்காரங்கண்ணே. பஸ்ஸுக்கு நிக்கிறாக" என்றாள்.

"அப்பிடியா. நல்லபடியா போயிட்டு வாங்கம்மா" என்று சொல்லி, மஞ்சள் பையை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

அடுத்த பஸ்ஸில் ஏறித் திருத்தங்கலுக்குப் போய், சேக்காளி ஒருத்தி வீட்டில் தங்கினேன். தூக்கமா வரும்? விடிந்ததும் முதல் பஸ்ஸில் திரும்பினேன். சவரம் செய்த முகத்தோடு, சலவைச் சட்டை போட்டு, அப்பா நின்றுகொண்டிருந்தார். கடைக்காரர்கள் எல்லாரும் அன்றைக்குத்தான் என்னைப் பார்ப்பதுபோலப் பேசினார்கள். நாடகத்தில் சேர்த்துவிடலாம், அப்படி நடித்தார்கள்.

மத்தியானம் சாப்பிடும்போது, ஈரலை அவர் இலையில் நகர்த்தி வைத்துவிட்டு நான் பேச்சை எடுத்தேன்.

"அப்பா, மதுரைக்குப் போய்க் கண்ணக் காட்டிட்டு வருவோம். ஆபரேஷன் முடிஞ்சு நல்லாத் தெரியிற வரைக்கும் நான் இங்கன வந்து இருக்கேன். உங்களைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போகல."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "கடைக்காரப் பயலுக சொல்லிட்டானுகளா?"

"அவுகளை வையாதீக. நேத்து அத்தை கடையில நின்னது நான்தாம்ப்பா."

அவர் நிமிரவில்லை. இலையில் எதையோ தேடுகிறவர்போல விரலால் துழாவிக்கொண்டிருந்தார். கோபப்படுவாரோ, எழுந்து போய்விடுவாரோ என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நான் சொன்னதெல்லாம் கேட்டுட்டியா?"

"கேட்டேன்ப்பா."

"நல்லதாப் போச்சு" என்றார். "மூஞ்சிக்கு நேரா எனக்குச் சொல்ல வராது."